இடது பக்க விளக்கு

பச்சை விளக்கு எரிந்தது. எரிந்திருக்கக் கூடாது.

பெவின் கேபிளிலிருந்து கையை எடுக்காமல் அதையே பார்த்தான். ஷீலாவின் ஹார்ட் டிஸ்க், டிஸ்க்குகளை நகலெடுக்கும் இமேஜர் பெட்டியின் இடது பக்கத்தில் மாட்டியிருந்தது. டிஸ்க்கைக் காதருகே கொண்டுபோனான். உள்ளே தட்டு சுற்றும் மெல்லிய இரைச்சல் இல்லை. ஊசி முட்டும் சத்தம் இல்லை. விரலுக்கு அதிர்வும் இல்லை. காய்ந்த கருவாடு போல உயிரற்றுக் கிடந்தது. ஆனால் பெட்டியின் சின்னத் திரையில் 'டிடெக்டெட்' என்று வந்திருந்தது. டிஸ்க்கின் பெயர் வரவேண்டிய இடம் காலி. கொள்ளளவு வரவேண்டிய இடத்தில் ஓர் எண் இருந்தது. அது ஓரிடத்தில் நிற்காமல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

செத்த டிஸ்க் அது. செந்தில்வேல் அண்ணாச்சி அதைத் திறந்தே காட்டியிருந்தார். ஆபீஸில் அவர்தான் மூத்தவர். கெட்டுப்போன டிஸ்க்குகளைத் திறக்கும் கை அவருடையது. தட்டை இடுக்கியில் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.

"பாருலே. ஊசி கீழ எறங்கி மொத்தத்தையும் சொரண்டிட்டு. வெறுங்கண்ணாடி. அந்தப் பக்கம் என் வெரலு தெரியுதுலா? இதுல இருந்து ஆண்டவரே வந்தாலும் ஒண்ணும் எடுக்க முடியாது."

சொன்ன பிறகுதான் அது யாருடைய டிஸ்க் என்று அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது. தட்டை உள்ளே வைத்து மூடினார்.

"டீ குடிக்கியா?" என்றார்.

பனிமய மாதா திருவிழா. ஊருக்கு விடுமுறை. கீழே கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் கடை ஷட்டரை இறக்கியிருந்தது. மாடியில் பெவின் மட்டும். மத்தியான வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. ஆடிக் காற்று துறைமுகத்து நிலக்கரித் தூசியையும் உப்பையும் கொண்டுவந்து கண்ணாடியில் பரபரவென்று தேய்த்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஜெபமாலை, அதற்கும் அடியில் கோயில் மணி, எல்லாவற்றுக்கும் அடியில் இமேஜர் பெட்டியின் விசிறி. வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால் வந்திருந்தான்.

ஷீலா காய்ச்சலில் போனாள். கல்யாணமாகி இரண்டாவது மழைக்காலம். அவள் அம்மா நாசரேத்திலிருந்து சேலைகளை எடுத்துப் போக வந்தபோது, ஒரு மடிப்புக்குள்ளிருந்து இந்த டிஸ்க் நழுவித் தரையில் விழுந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்த காலத்தில் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் பதிந்து அனுப்பிய பாடங்கள் அதில் இருந்தன. அவள் குரல் இருந்த ஒரே இடம். போனில் அவள் பேசி அனுப்பியதே இல்லை. "என் குரலு தகர டப்பா மாதிரி இருக்கும் அத்தான்" என்று எழுத்தில்தான் எல்லாம்.

போட்டோக்களில் முகம் இருந்தது. குரல்தான் போய்க்கொண்டிருந்தது. முதலில் அதன் ஏற்ற இறக்கம் மறந்தது. பிறகு கனம். இப்போது அவள் 'அத்தான்' என்று கூப்பிடுவதாக நினைத்துப் பார்த்தால், தன் குரலிலேயே கேட்டது. அதற்காகத்தான் செத்த டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தான்.

பெட்டியின் முறை எளியது. எடுக்க வேண்டிய டிஸ்க் இடது பக்கம். நகல் எழுத வேண்டிய காலி டிஸ்க் வலது பக்கம். போலீஸ் கொண்டுவருவது, துறைமுகத்துக் கம்பெனிகள் கொண்டுவருவது, எல்லாமே இடது பக்கம்தான். இடது பக்கத்தில் மாட்டியதில் ஓர் எழுத்தைக்கூட எழுத முடியாதபடி உள்ளேயே பூட்டியிருப்பார்கள். அங்கிருந்து எடுக்கலாம். அங்கே திருப்பிக் கொடுக்க முடியாது. கோர்ட் நம்புவது அதைத்தான்.

வலது பக்கம் ஒரு காலி டிஸ்க்கை மாட்டினான். நகல் பொத்தானை அழுத்தினான்.

ஒரே ஒரு கோப்பு வந்தது. பெயர் இல்லாத ஒலிக்கோப்பு.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, ஸ்பீக்கரைத் திருகினான். எண்ணெயில் கடுகு வெடித்தது. கரண்டி சட்டியில் உரசியது. பிறகு, கைக்கெட்டும் தூரத்திலிருந்து பேசுவதுபோல,

"அத்தான், இதுல உப்பு பாருங்க. கடல்காரன் வீட்டுக் கொழம்பு மாதிரி ஆயிட்டோ?"

பெவின் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அந்த 'ட்டோ'வில் குரல் மேலே ஏறி லேசாக உடையும். அதுதான். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள், ஏதோ ஒரு தட்டு விழுந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

மேசையில் தலையை வைத்து அழுதான். காய்ச்சல் வார்டுக்கு வெளியே நின்ற நாளுக்குப் பிறகு அழுதிருக்கவில்லை. தெரியாமல் போனில் பதிவாகியிருக்கும், அவளே டிஸ்க்கில் போட்டிருப்பாள் என்று நினைத்தான். என்றைக்கு நடந்தது? யோசித்தான். அப்படி ஒரு நாள் அவன் நினைவில் இல்லை.

மறுபடி பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. இன்னொரு கோப்பு.

காற்று. மணல்மேட்டில் அடிக்கிற காற்று. அலை. "மணப்பாட்டுக் கோயில் வரைக்கும் வந்துட்டு மேல ஏறாம போனா பாவம்லா" என்று ஷீலா. "ஏலே, ஒம் பொண்டாட்டி நம்மளச் சுமந்துட்டுப் போகச் சொல்லுதா" என்று செந்தில்வேல் அண்ணாச்சியின் குரல். பிறகு ஒரு கூச்சல், ஓட்டம், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கும் சத்தம்.

பெவின் அதை இரண்டாம் முறை போட்டான். இந்த முறை சிரிக்கவில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தான். பின்னால் கூட்டத்தின் இரைச்சலும் பீப்பியும் கேட்டன.

"அண்ணாச்சி, நாம மணப்பாடு போனோமா?"

"என்னலே கேக்க? ஒஞ் செருப்ப அல இழுத்துட்டுப் போச்சே. ஒத்தச் செருப்போட திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுல நின்னியே. ஷீலா அந்தச் சிரிப்புச் சிரிச்சா. எங்க வீட்ல இன்னைக்கும் அதச் சொல்லிச் சிரிப்பா." நிறுத்தினார். "ஏன், அவ ஞாபகம் வந்துட்டா?"

"இல்ல. சும்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

போனை வைத்தான். ஒற்றைச் செருப்பு. மணல் சுடும். ஈரம் ஒட்டும். யாருக்கும் மறக்காது. அவன் தேடிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மங்கலாகக்கூட இல்லை. நாக்கு, பல் விழுந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல மனம் அங்கே போய்ப் போய் வந்தது.

கோப்பை மூன்றாம் முறை போட்டான். இப்போது தன் குரலைக் கவனித்தான். பதிவில் கேட்கும்போது எல்லோருக்கும் தங்கள் குரல் வேறு யாருடையதோ போல மெலிந்து கேட்கும். அவனுக்கும் அப்படித்தான். இதில் அப்படி இல்லை. பேசும்போது தன் எலும்புக்குள் தனக்கே கேட்குமே, அந்தக் கனத்த குரல். இந்தக் குரலை எந்த மைக்காலும் பதிய முடியாது. அது அவன் தலைக்குள் மட்டும் கேட்கிற குரல்.

காற்று கண்ணாடியைத் தேய்த்தது.

பெவின் எழுந்தான். இடது பக்கத்துக் கேபிளைப் பிடுங்கினான். ஷீலாவின் டிஸ்க்கை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினான்.

விளக்கு அணையவில்லை.

'டிடெக்டெட்.'

எண் ஏறியது. இறங்கியது. அவன் மூச்சை அடக்கிப் பார்த்தான். எண் நின்றது. மூச்சு விட்டான். எண் நகர்ந்தது.

பின் சுவரில் முதுகு இடிக்கும்வரை நகர்ந்து நின்றான். டிஸ்க்கில் ஒன்றுமில்லை. அண்ணாச்சி சொன்னது சரி. இடது பக்கம் மாட்டியிருப்பது டிஸ்க் அல்ல.

தப்பிக்க வழி இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. படி இறங்கினால் தெரு. தெருவில் கூட்டம், சவ்வு மிட்டாய், பலூன், பிள்ளைகள். போய்விடலாம். மிச்சமிருப்பதோடு போய்விடலாம்.

என்ன மிச்சம் என்று எண்ணிப் பார்த்தான். கல்யாணம் இருந்தது. நாசரேத் கோயில், வெள்ளைச் சேலை, மோதிரம் போடும்போது அவள் விரல் வியர்த்திருந்தது. இருந்தது. முதல் சண்டை இருந்தது. அவள் தூங்கும்போது வாய் திறந்திருப்பது இருந்தது. ஆஸ்பத்திரி இருந்தது.

ஆஸ்பத்திரி எப்போதும் இருந்தது. மற்ற எதைத் தொடப் போனாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கண்ணாடிக் கதவு. அவள் கையில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் கறுத்திருந்தது. "தண்ணி, அத்தான்" என்றாள். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கொடுக்கவில்லை. மறுபடி கேட்டாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தான். அவள் அந்தப் பஞ்சைச் சப்பினாள். அந்தச் சத்தம். ஒவ்வொரு நாளும், பல் தேய்க்கும்போது, பைக்கை உதைக்கும்போது, யாராவது டம்ளரை மேசையில் வைக்கும்போது, அந்தச் சத்தம்.

பெவின் பெட்டியைப் பார்த்தான்.

கிட்டே வந்தான்.

"அத மட்டும் எடுத்துக்க" என்றான். பெட்டியிடம் பேசுகிறோம் என்று வெட்கமாக இருந்தது. "அது ஒண்ணு போதும்."

ஆஸ்பத்திரியை மனதில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணாடிக் கதவு. பஞ்சு. உதடு. பொத்தானை அழுத்தினான்.

விளக்கு படபடவென்று துடித்தது.

விசிறி நிதானமானது. வெயில் சன்னலை விட்டுச் சுவருக்கு ஏறியிருந்தது. ஏன் முகம் ஈரமாக இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. கைக்குட்டையால் துடைத்தான். மனசு லேசாக இருந்தது. உப்பளத்தின் மேல் மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது. லீவு நாளில் ஆபீஸில் என்ன செய்துகொண்டிருக்கிறான்? ஷீலா திட்டுவாள். திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தானோ என்னவோ. போகும்போது பேக்கரியில் மக்ரூன் வாங்கிப் போக வேண்டும். உடைந்த மக்ரூன்தான் அவளுக்குப் பிடிக்கும். கடைக்காரர் சிரிப்பார்.

அவளுக்குப் போன் செய்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. மறுபடி செய்தான். அதே பதில்.

அண்ணாச்சிக்குச் செய்தான்.

"அண்ணாச்சி, ஷீலா ஒங்க வீட்டுக்கு வந்தாளா?"

பின்னால் பீப்பி ஊதியது. அவன் குரலை உயர்த்தினான்.

"அண்ணாச்சி? போன் போட்டா நம்பரே இல்லங்குது. அக்கா கூட மாதா கோயிலுக்குப் போயிருப்பாளோன்னு கேட்டேன்."

"பெவினு." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "குடிச்சிருக்கியாலே?"

"பட்டப்பகல்ல குடிச்சிட்டு மெஷின் முன்னால உக்காருவனா?"

"எங்கன இருக்க?"

"ஆபீஸ்லதான். ஏன் அண்ணாச்சி? அவளுக்கு ஏதும்..."

"அங்கனயே இரி. ஒண்ணையும் தொடாத. தனியா படி எறங்காத. நா வாரேன். இந்தா, வந்துட்டேன்லே, வந்துட்டேன்."

அவர் அழுகிற மாதிரி இருந்தது. அவர் ஏன் அழ வேண்டும்? ஷீலாவுக்கு ஏதோ ஆகிவிட்டதா? பெவின் போனைக் கீழே வைத்தான். எழுந்தான். எழுந்தவன் திரையைப் பார்த்தான்.

பொத்தானை யாரும் அழுத்தவில்லை. கோப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக. நிறுத்தப் பார்த்தான். திரை விரலுக்கு அடங்கவில்லை. பவர் ஒயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. விளக்கு எரிந்தது. கோப்புகள் வந்தன.

ஸ்பீக்கர் தானாகப் பேசியது. கோயில் ஆர்கன். வெள்ளைச் சேலை சரசரத்தது. "சம்மதம்" என்று ஒரு பெண் குரல்.

ஷீலா என்று நினைத்தான்.

பேருந்து ஹாரன். "ஜன்னல் சீட்டு எனக்கு" என்று அதே குரல்.

நல்ல குரல் என்று நினைத்தான்.

கொலுசு. கொட்டாவி. "லைட்ட அணைங்க" என்று குரல்.

யார் அது?

பயம் இருந்தது. எதற்குப் பயம் என்று தெரியவில்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. யாருக்கு? கதவைப் பார்த்தான். யாரையோ தேடிப் போக வேண்டும். யாரை? நெஞ்சு அடித்தது. பிறகு அதுவும் மெதுவானது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

கோப்புகள் வருவது நின்றது.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல.

"அத்தான்?"

அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான்.

"அத்தான், என்ன செய்தீங்க? ஏன் எல்லாம் இங்கன என்கிட்ட இருக்கு?" குரல் நடுங்கியது. "உப்பு பாத்தது இங்கன இருக்கு. மணப்பாடு இங்கன இருக்கு. நா செத்தது இங்கன இருக்கு. ஒங்ககிட்ட என்ன இருக்கு? எந்திரிங்க. அந்தப் பெட்டிய விட்டுட்டு எந்திரிங்க அத்தான். கேக்குதா? இது நாந்தான். நாந்தான்."

அவன் பொறுமையாகக் கேட்டான். யாரோ கஸ்டமர். பாவம், குடும்பத்தில் ஏதோ பிரச்சினை. அடுத்தவர் விஷயத்தைக் கேட்பது தப்பு. ஸ்பீக்கரைக் குறைத்தான். குறைந்தது. குரல் நிற்கவில்லை. அத்தான், அத்தான் என்று கொசு மாதிரி இரைந்தது.

வலது பக்கத்து டிஸ்க்கைப் பார்த்தான். பெயர்ச் சீட்டு ஒட்டவில்லை. கேஸ் நம்பர் எழுதவில்லை. கையொப்பம் இல்லை. ஆபீஸ் வழக்கம் கைக்கு மறக்கவில்லை. பெயர் ஒட்டாத டிஸ்க் எது கிடந்தாலும் அடுத்த வேலைக்குத் துடைத்து வைத்துவிட வேண்டும். பவர் ஒயரைத் திரும்பச் செருகினான். திரையில் டிஸ்க்கைத் துடைக்கும் 'வைப்' என்பதைத் தொட்டான். நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டது. நிச்சயம் என்றான்.

"அத்தான் வேண்டாம். நா போனா பரவாயில்ல. இது ஒங்களோடது. ஒங்க..."

ஸ்பீக்கர் வெறுமையாக இரைந்தது.

படியில் தடதடவென்று காலடி. ஓர் ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நெற்றியில் தூசி. மூச்சு வாங்கியது.

"ஏலே, இப்ப பேசினது யாரு? படியிலயே கேட்டேன். ஷீலா குரலுலா அது? எங்கன இருந்து வந்துச்சு?"

"பேரு ஒட்டாத டிஸ்க் சார். துடைக்கப் போட்டாச்சு."

அந்த ஆள் உள்ளே ஓரடி வைத்தார்.

"என்ன சொன்ன?"

"இன்னைக்கு லோக்கல் லீவு சார். நாளைக்கு வாங்க. செந்தில்வேல்னு ஒருத்தர் இருப்பாரு, அவருகிட்ட..." சொல்ல வந்தவன் நிறுத்தினான். யார் இருப்பார்? பெயர் நாக்கில் வந்தது. பின்னால் முகம் வரவில்லை. பிறகு பெயரும் இல்லை.

அந்த ஆள் மேசையைப் பார்த்தார். கேபிள் கழன்று தொங்குவதைப் பார்த்தார். ஒன்றும் மாட்டாத இடது பக்கத்தில் விளக்கு எரிவதைப் பார்த்தார். திரையில் எண் இப்போது ஏறவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. எடுப்பதை எங்கே எழுதுகிறது என்று காட்டும் இடம் காலியாக இருந்தது.

அவர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கன்னத்தில் கண்ணீர் தூசியோடு கலந்து கோடாக இறங்கியது.

"என்னப் பாரு. என்னப் பாருலே. நா யாருன்னு தெரிய வேண்டாம். அது கெடக்கட்டும். ஒம் பேரு என்ன? ஒம் பேர மட்டும் சொல்லு."

சொல்வதற்காக அவன் வாயைத் திறந்தான்.

திறந்தபடியே உட்கார்ந்திருந்தான்.